சீட்டின் முன்பக்கம்

வரியை எங்க வேணும்னாலும் முடிச்சுக்கலாம், ஆனா மிச்சம் இருக்கிற இடத்தை, என்று பெரியப்பா சொன்னார். மிச்ச இடத்தை என்ன செய்யவேண்டும் என்று சொன்னார் என்பது வரமாட்டேன் என்கிறது. எனக்குச் சொன்னதுகூட இல்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பத்திரம் எழுதியவர், பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சண்டை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார், நான் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோய் நின்றிருந்தேன், பாதிதான் காதில் விழுந்தது, முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தப் பாதி இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு மற்றப் பாதியைக் கேட்கிறது. இங்கே என்றால் காரைக்கால் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, பர்வீனின் ஜெராக்ஸ் கடையில், கால் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில். மணி நாலு. கரண்ட் இப்போதுதான் வந்தது. லேமினேஷன் மிஷின் சூடாக இருபது நிமிஷம் ஆகும், பச்சை விளக்கு எரிஞ்சாத்தான் உள்ள விடலாம், உக்காருங்க சார் என்று பர்வீன் சொல்லிவிட்டு யாருடைய ஆதார் அட்டையையோ கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. அதைப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். பச்சையாவதற்குள் நான் அவளுக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். அட்டையில ஒட்டிடவா வேணாமா என்பதுதான் கேள்வி, அதற்கு மேல் ஒன்றும் அவள் கேட்கவில்லை. ஒட்டினால் சீட்டின் முன்பக்கம் போய்விடும், ஃபெவிகால் சார், அப்புறம் உரிச்சா பேப்பரும் சேந்து வந்துடும் என்றாள். மேசையில் எழுபத்துநாலு சீட்டுகள் இருக்கின்றன. மாசிலாமணி எழுதியவை. மாசிலாமணி இறந்து ஆறு வருஷம். ஐந்து மணிக்கு அவன் மனைவி தில்லைநாயகி வந்து வாங்கிக்கொண்டு நாளைக் காலையில் மகள் வீட்டுக்கு, திருப்பூருக்கு, ஒரேயடியாகப் போகிறார். எழுத்து மட்டும் தெரியற மாதிரி கெட்டியா அட்டையில ஒட்டிக் குடுங்கண்ணே, புத்தகத்துல இருக்கிற வரிசையிலயே, அங்க சுவத்துல மாட்டிக்கறேன் என்று நேற்று கேரி பேகை என் கையில் கொடுத்தபோது அதில் எனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. நேற்று நான் ஒரு கவிஞனின் பதிப்பாசிரியன். மின்விசிறி என் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேல் சீட்டு எழுந்து எழுந்து படுக்கிறது, பறந்துவிட்டால்கூட நல்லதுதான் என்று தோன்றுகிறது, அதற்குள் பர்வீன் வந்து ஸ்டேப்ளரைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

டி.ஆர். பட்டினம் போகிற வழியில் இருக்கிற எடை மேடையில் மாசிலாமணி பதினேழு வருஷம் சீட்டுப் போட்டான். லாரி மேடையில் ஏறும், அவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவான், லோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை என்று மூன்று வரி அடித்து மூன்று விரல் அகலத்தில் சீட்டு வரும், ஒன்று டிரைவருக்கு, ஒன்று ஆபீஸுக்கு. டிரைவர்கள் பாதிப் பேர் சீட்டை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதினான், கடைசி மூன்று மாதம், டயாலிசிஸுக்கும் டயாலிசிஸுக்கும் நடுவில். இறந்தபிறகு முதலாளி எல்லாவற்றையும் ஒரு கேரி பேகில் அள்ளிப்போட்டு, இது அவரு மேசையில இருந்துச்சும்மா என்று கொடுத்தனுப்பினாராம், ஒன்றுக்கும் வரிசை கிடையாது. பிரான்சில், லியோனிலிருந்து பத்து நாள் லீவில் வந்தேன், கருமாதிக்கு மறுநாள் தில்லைநாயகி அதை என் முன்னால் கவிழ்த்தார், ஒரே ஒரு மத்தியானம்தான் கையில் இருந்தது, போனில் இடம் கம்மி, பின்பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். முன்பக்கம் வெறும் லாரி. டி.என். ஐம்பத்தொன்று, பி.ஒய். சைபர் இரண்டு, நிலக்கரி, நெல், ஜல்லி. அதை எதற்கு எடுப்பது. இந்த வாக்கியத்தை நான் அன்றைக்கு நினைத்தேனா இப்போது நினைக்கிறேனா என்று தெரியவில்லை, ஆனால் கட்டைவிரல் அப்படித்தான் சீட்டைத் திருப்பியது, லாரியைக் கீழே அமுக்கி எழுத்தை மேலே வைத்து. அப்புறம் லியோனில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தட்டச்சு செய்தேன். எந்த இடத்தில் அவன் பேனா வரியை முடித்ததோ அந்த இடத்தில் நானும் முடித்தேன், ஒரு இடத்தில்கூட மாற்றவில்லை, அந்த நேர்மையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நீ, அடுத்த வரி, வருவாய் என்று, அடுத்த வரி, கதவைத் திறந்து, அடுத்த வரி, வைத்திருக்கவில்லை, அடுத்த வரி, தாழ்ப்பாள், அடுத்த வரி, கெட்டுவிட்டது. அவ்வளவுதான் அந்தச் சீட்டு. அதைத் தட்டிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பனியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. ஒரு சீட்டு ஒரு கவிதை. அறுபத்துமூன்று தேறியது. பதினொன்றைத் தள்ளிவைத்தேன், ரத்தப் பரிசோதனைக் கணக்கு, ஆசாரி, மகள் காலேஜ் பஸ் என்று வீட்டுக் குறிப்புகள், அந்தப் படங்களை அச்செடுத்து ஒரு உறையில் போட்டு மேலே எழுதினேன், என் கையெழுத்தில், வெறும் வசனம். பன்னிரண்டு பக்கத்துக்கு முன்னுரை எழுதினேன். உரைநடை ஒரு வண்டி, அது சுமையையும் சுமந்து தன்னையும் சுமந்துகொண்டு வருகிறது, காலி வண்டியின் எடையைக் கழித்தபிறகு மிஞ்சுகிற நிகர எடைதான் கவிதை, இந்தக் கவிஞர் வாழ்நாளெல்லாம் கழித்துக்கொண்டிருந்தார் என்று. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் போன் செய்தார்கள். ஒவ்வொரு கவிதையும் பாதியில் நின்று ஒரு மௌனத்துக்குள் இறங்குகிறது என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினார். ஒரு கல்லூரியில் பாடமாகவும் வைத்தார்கள். வெளியீட்டு விழாவில் தில்லைநாயகி மைக்கில் பேசமாட்டேன் என்றுவிட்டு, கீழே வந்து என்னிடம் மட்டும் சொன்னார். இருபத்தாறு வருஷம் அண்ணே, சோறு போடு, சட்டை எங்கன்னுதான் கேட்டிருக்காரு, என்னை உக்காரவெச்சு நீன்னு சொல்லி ஒரு பேச்சுப் பேசினதில்ல, எல்லாத்தையும் அங்க உக்காந்து எழுதிவெச்சிருக்காரே. பேசும்போது அவர் கை புத்தகத்தின்மேல் இருந்தது, ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

இன்றைக்கு இரண்டரை மணிக்கு வந்து கேரி பேகையும் புத்தகத்தையும் பர்வீனிடம் கொடுத்து, பார்த்துப் பார்த்துப் புத்தக வரிசையில் அடுக்கும்மா என்றேன், கரண்ட் போய்விட்டது, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அடுக்கியிருந்தாள். கண்ணாடி மேசைமேல் பத்துப் பத்தாக, ஓரம் தொட்டாற்போல, எழுத்து மேலே தெரிய. வரிசை தப்பா இருக்கே என்றேன். புத்தகத்தப் பாத்து ஒண்ணொண்ணாத் தேடினா ராத்திரி ஆயிடும் சார், முன்னாடிதான் நம்பர் போட்ருக்கே, நம்பர் படி அடுக்கிட்டேன், நம்ம கடைல எல்லாத்தையும் அப்படித்தான் செய்யறது, பத்திரமா இருந்தாலும் பரீட்சைப் பேப்பரா இருந்தாலும் நம்பர்தான் பேசும் என்றாள். திருப்பிக் காட்டினாள். சீட்டு எண் நாற்பதாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு, தேதி, காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிஷம், நிலக்கரி. அடுத்தது நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது, பத்து ஐம்பத்தொன்பது, நெல். உள்ள இருக்கிறதப் படிச்சேன் சார், தப்பா நெனச்சுக்காதீங்க, யாரு சார் அந்த ஃப்ரெண்டு, இவரு இப்படிக் கேக்குறாரு, அந்தாளு பதிலே போடல போலருக்கு என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்த ஆளிடம் பேசப் போய்விட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். நீ வருவாய் என்று கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை தாழ்ப்பாள் கெட்டுவிட்டது. பக்கத்துச் சீட்டு, நான் தள்ளிவைத்த பதினொன்றில் ஒன்று, தில்லை நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் ஆசாரி வியாழக்கிழமை வருகிறாராம், உன் வீட்டில் எல்லாம் பூட்டு எப்படி. பத்து நாற்பத்திரண்டுக்கு ஒரு லாரி, பத்து ஐம்பத்தொன்பதுக்கு ஒரு லாரி. அந்த மௌனம் ஒரு நெல் லாரி. எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவர் ஹாரன் அடித்திருக்கிறான், இவன் பேனாவை வைத்துவிட்டு எட்டிப்பார்த்து ஆள் இறங்கியாச்சா என்று கத்தியிருப்பான், டிரைவர் இறங்கித்தான் எடை போடவேண்டும், ஒரு எடைக்கு வண்டிக்குள்ளேயும் மறு எடைக்கு வெளியேயும் இருந்தால் ஒரு ஆள் கணக்கில் காணாமல் போய்விடுவான் என்று அவனே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான், சீட்டுப் போட்டு அனுப்பிவிட்டு வந்து அடுத்த சீட்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதியிருக்கிறான். அறுபத்துமூன்று இடத்தில் நான் மௌனம் வைத்தேன். மேலே படித்தேன், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டேன். எண்பது என்றால் நாலு இருபது, தொண்ணூறு என்றால் நாலு இருபதும் பத்தும், இதுவும் தள்ளிவைத்த பதினொன்றில்தான் இருந்தது, ஏதோ எடைக் கணக்கு என்று நினைத்தேன். அடுத்த சீட்டு புத்தகத்தில் இருபத்தேழாவது கவிதை, நீ கற்றுத்தந்த வார்த்தையில் ஒன்றுகூட இங்கே எடைக்கு வராது. அதில் வருகிற நீ கடவுளா மரணமா மனைவியா என்று ஒரு கருத்தரங்கில் அரை மணி நேரம் பேசினார்கள். நாலு இருபது. எண்பதை அப்படிச் சொல்கிற பிரெஞ்சு மொழியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் நான். பெரிய கடற்கரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, எனக்குப் பத்தொன்பது வயது அவனுக்கு இருபது, அவன் சிரித்துச் சிரித்து, ஏண்டா உங்காளுங்களுக்கு எண்ணவே வராதா என்றான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்த நான் அந்த வரியைப் பனியில் உட்கார்ந்து படித்து, எடைக் கணக்கு என்று உறைக்குள் போட்டேன்.

நீ நான்தான். எழுபத்துநாலு சீட்டும் ஒரே கடிதம். எனக்கு. சிவப்பு விளக்கு. சூடான பிளாஸ்டிக் வாடை. ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் ஸ்கேன் உறையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வெயிலுக்கு ஓடுகிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் வகுப்பு இருந்தது. வாத்தியார், எங்களுக்கு மஸ்யூ, மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே வாசிப்பார், முற்றுப்புள்ளி, அடுத்த வரி என்பதையும் சேர்த்து வாசிப்பார், புவான், அ லா லிஞ், எனக்கு அதைப்போல நிம்மதியான வகுப்பு வேறு இல்லை, எங்கே முடிப்பது என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். தமிழ் வகுப்பில் அப்படி யாரும் சொல்லவில்லை. மாசிலாமணி தமிழ்ப் பள்ளிக்கூடம். அவன் எழுதியதில் முற்றுப்புள்ளியே இருக்காது, போய்க்கொண்டே இருக்கும், ஒரு நாவல் மாதிரி ஒன்று, உப்பளத்தில் வேலை செய்கிற அவன் அக்காவைப் பற்றி, நோட்டுப் புத்தகத்தில் நூற்றுப் பத்துப் பக்கம். நான் படித்துவிட்டு மாசியிடம் என்ன சொன்னேன். அதை மறந்துவிட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், அவன் மறக்கவில்லை, முப்பத்தொன்றாவது சீட்டில் அப்படியே எழுதிவைத்திருக்கிறான், இது வெறும் வசனம், நடக்கிறது, எங்கேயும் நிக்கமாட்டேங்குது, நிக்கிற இடத்துலதான் எழுத்து இருக்கு. இருபத்தோரு வயதில் எனக்கு இது தெரிந்திருந்ததாம். அந்த முப்பத்தொன்றாவது சீட்டில், வெறும் வசனம் நடக்கிறது என்ற மூன்று ஒற்றைச்சொல் வரிகள் புத்தகத்தில் எவ்வளவு அழகாக விழுந்திருந்தன. அவன் ஏதோ ஒரு சாலையைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்தேன். என் வார்த்தையே திரும்பி வந்திருக்கிறது, எனக்கு அடையாளம் தெரியாமல் அதற்கு எண் போட்டுப் பக்கம் கட்டினேன். அப்புறம் அவன் எழுதுவதை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன், ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது, அய்யோ, ஆறுதலாகத்தான் இருந்தது, நானும் எழுதவில்லை அல்லவா. லியோனில் பத்தொன்பது வருஷம் அகதி விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளன். ஈழத்திலிருந்து வந்தவர் பேசப் பேச நான் பிரெஞ்சில் சொல்லவேண்டும், அவர் நடுவில் நிறுத்திவிட்டால், மேசையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தால், அதற்கு மொழிபெயர்ப்புக் கிடையாது, அதிகாரி தேதியைக் கேளுங்கள் என்பார், நான் கேட்பேன், அவர் சொல்வார், அந்த ஐந்து நிமிஷம் தாளில் எங்கேயும் இருக்காது. எத்தனை பேருடைய நிஜமான மௌனத்தை அடைத்து வாக்கியமாக்கிவிட்டு, இங்கே லாரி வந்த இடைவெளியை எடுத்து மௌனம் என்று விற்றிருக்கிறேன். இரண்டு மொழி படித்தவன் என்று ஊரில் சொல்கிறார்கள். இரண்டிலும் ஒரு வரி சொந்தமாக இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் லியோனுக்கு ஒரு பார்சல் வந்தது, காரைக்கால் தபால் முத்திரை, கனமாக இருந்தது, மறுபடியும் எழுதியிருப்பான் என்று தெரிந்தது, பிரிக்காமல் அலமாரிக்குமேல் வைத்தேன், ஞாயிற்றுக்கிழமை படிப்போம் என்று. வீடு மாறினோம். விவாகரத்தின்போது இன்னொரு தடவை மாறினேன். இந்த வாக்கியத்துக்கு மேலே போக முடியவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமை. இறப்பதற்கு முந்தின வருஷம் அவன் போனில், ஏதாவது வந்துச்சா என்று கேட்டான், என்ன வந்துச்சா என்றேன், ஒண்ணுமில்ல, குளிரு வந்துச்சான்னு கேட்டேன் என்று சிரித்தான்.

கடைசி ஐந்து சீட்டுகள் பர்வீனின் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, எழுந்துபோய்ப் படிக்காமல் இங்கிருந்தே தெரிகிறது, மனப்பாடம், இரண்டு சீட்டு என் புத்தகத்தில் இருக்கின்றன, மூன்று உறையில் இருந்தன. எனக்குக் கவிதை வராது சவரி என்று எழுதியிருந்தால், என் பெயரை ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன், எழுதவில்லை, யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தவன் எதற்குப் பெயரை எழுதுவான். எனக்குக் கவிதை வராது, வசனமாகத்தான் வருகிறது, இதையும் அப்படியேதான் எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், ஒரே மூச்சில் படித்துவிடு. இதில் ஒரே மூச்சில் படித்துவிடு என்பது மட்டும் தனிச் சீட்டு, மணி நான்கு ஐந்து, பழைய இரும்பு ஏற்றிய லாரி, அதைத்தான் புத்தகத்தின் கடைசிக் கவிதையாக வைத்தேன், வெள்ளைப் பக்கத்தின் நடுவில் தனியாக. மூச்சு, மரணம் என்று எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு சீட்டு இருக்கிறது, நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு. நல்லாயிருக்கு இல்லை என்று எதுவும் எழுதவேண்டாம், வந்து சேர்ந்தது என்று ஒரு வரி போடு. அது உறையில் இருந்தது. வெறும் வசனம். நிகர எடை என்று முன்னுரையில் எவ்வளவு ஜோராக எழுதினேன், வண்டியைக் கழித்துவிட்டேன், ஆள் இறங்கியாச்சா என்று ஒரு குரல் கொடுக்கத் தோன்றவில்லை. மத்தியானம் பதிப்பாளர் போன் செய்தார், இரண்டாம் பதிப்புப் பக்கமெல்லாம் தயார், நாளைக்கு அச்சுக்குப் போகிறது, மாற்றம் ஏதாவது இருந்தால் இன்றைக்குள் சொல்லுங்கள் என்றார். மாற்றம் இருக்கிறது அய்யா. கவிதை என்று ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் ஒரே பத்தியாகச் சேர்த்துவிடுங்கள், பதினொன்றையும் உள்ளே போடுங்கள், முன்னுரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில், அந்த இடத்தில் என்ன. வந்து சேர்ந்தது என்றா. யாருக்கு. ஒட்டவேண்டாம் பர்வீன், நம்பர் படியே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடு, இரண்டு பக்கமும் தெரியட்டும் என்று சொல்லலாம். அது சரியான காரியம். தில்லைநாயகி திருப்பூரில் ஒருநாள் மத்தியானம் வரிசையாகப் படிப்பார், தில்லை நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்ற இடத்துக்கு வருவார், தான் அந்தப் பேச்சில் படர்க்கை என்று தெரிந்துகொள்வார், நீ என்பது லியோனில் பார்சலைப் பிரிக்காத ஒரு ஆள் என்று தெரிந்துகொள்வார். உண்மைதானே என்று எனக்குள் ஒருவன் சொல்கிறான். அவனுக்குத்தான் பயப்படுகிறேன், அவன் உண்மை என்று சொல்லும்போதெல்லாம் தனக்கு ஒரு மன்னிப்பு வாங்கிக்கொள்கிறான். ஒட்டிவிடு என்கிறவனும் யோக்கியன் இல்லை, ஃபெவிகால் காய்ந்ததும் அவனைக் கேட்க உலகத்தில் ஒரு சாட்சி கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் நிற்கிறேன். மாசி எங்கே. மாசிக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறேன், ஒரு வரிதான் கேட்டான், அதைப் போடவேண்டிய முகவரிக்குத் தபால் கிடையாது.

பச்சை இன்னும் வரவில்லை, ஆனால் தில்லைநாயகி வந்துவிட்டார், நாலு இருபதுக்கே. அழைத்துப்போக வந்திருக்கிற மகள் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறாள். கையில் இரண்டு கட்டைப் பை, நெற்றியில் வியர்வை, படி ஏறும்போதே, ஆயிடுச்சாண்ணே, வீட்டுல சாமான் எல்லாம் ஏத்தியாச்சு, பாத்திரத்த எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி என்கிறார். எழுந்து ஸ்டூலைக் கொடுக்கிறேன். அவர் உட்காரவில்லை. மேசைமேல் பார்க்கிறார், நான் குறுக்கே நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன், கால் வரவில்லை. வரிசையை அவர் பார்க்கவில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறார், நேராக அந்தச் சீட்டுக்குப் போய், எல்லாச் சீட்டுக்கும் நடுவிலிருந்து, விரலால் தொடாமல் மேலாகக் காட்டி, இதத்தான் மொதல்ல வைக்கணும் என்கிறார். தாழ்ப்பாள். இந்தத் தாழ்ப்பாள நான்தான்ணே நாலு நாளா சொல்லிட்டிருந்தேன், காதுலயே வாங்காத மாதிரி பேப்பரப் படிச்சிட்டிருந்தாரு, வாங்காத மாதிரி இருந்துட்டு போயி எழுதிவெச்சிருக்காரு பாருங்க, எனக்குன்னு. பர்வீன் நிமிர்ந்து அவரைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள். அவள் எல்லாச் சீட்டையும் படித்தவள். கத்தரித்த துண்டுகளைக் கூட்டிக் குப்பைக் கூடையில் போடுகிறாள். கருத்தரங்கில் ஒருவருக்கும் அது ஒரு தாழ்ப்பாள் என்று தோன்றவில்லை, வீட்டுக் கதவில் இருந்த, இரும்பில் செய்த, ஆசாரி வந்து மாற்றவேண்டிய ஒரு தாழ்ப்பாள் என்று இவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, அந்த வரியை நான் படித்ததைவிட இவர் சரியாகப் படித்திருக்கிறார், சரியாகப் படித்து, தன்னுடையது அல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறார். அப்போதுதான் பெரியப்பா சொன்ன மற்றப் பாதி வந்தது, தேடாமலே, தூக்கில் இருந்த ரசத்தின் வாசனையோடு. வரியை எங்க வேணும்னாலும் முடிச்சுக்கலாம், ஆனா மிச்சம் இருக்கிற இடத்தைச் சும்மா விடாத, கோட்டை இழுத்து அடைச்சிடு, விட்டா எவனாவது வந்து தன் பேரை எழுதிக்குவான். பத்திரத்தில் வரி முடிந்த இடத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுப்பார்கள், அதைச் சொன்னார், பக்கத்து மேசைக்காரர் கோடு இழுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. மாசிலாமணி கோடு இழுக்கவில்லை, அவனுக்கு ஓரமே மூன்று விரலில் வந்துவிட்டது. முதலில் அந்த இடத்தில் என் பெயரைப் பதிப்பாசிரியன் என்று நான் எழுதிக்கொண்டேன், பிறகு இவர். இவரை வெளியே போகச் சொல்ல நான் யார். இல்லை, இதுவும் எனக்குச் சௌகரியமான வாக்கியம், எவ்வளவு சுலபமாக வருகிறது பார், வசனம்தான், நடக்கிறது, எங்கேயும் நிற்கவில்லை. மிஷினுக்குள் ஏதோ கிளிக் என்றது. விளக்கு பச்சை. தில்லைநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சொல்லுங்க சார், ஒட்டவா என்றாள் பர்வீன், ஃபெவிகால் டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு. நான் மேசைக்குப் போய், அன்றைக்கு உறைக்குத் தள்ளிய பதினொரு சீட்டையும் நடுநடுவிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மிச்சம் அறுபத்துமூன்றையும் புத்தக வரிசைக்கு மாற்றி, தாழ்ப்பாளை முதலில் வைத்து, எழுத்து மேலே இருக்கும்படி ஒட்டச் சொன்னேன்.